முப்பத்தோராம் வேகனின் காலிப் பெட்டி

கன்டெய்னர் யார்டில் அவளுக்கு டிக்கக்கா என்று பெயர். அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. காலில் ஆண்களுக்கான பூட்ஸ், இரண்டு அளவு பெரியது, முன்பக்கம் பழந்துணி அடைத்தது. பெண்கள் காலுக்கும் பூட்ஸ் வாங்கலாம் என்பது பதினோரு வருஷமாக அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயிலில் நாற்பத்தைந்து வேகன்கள். ஒவ்வொரு வேகனும் சுவரோ கூரையோ இல்லாத நீண்ட இரும்புப் பலகை. கிரேன் அதன்மேல் ஒரு கன்டெய்னரைத் தூக்கி வைக்கும். பலகையின் நாலு மூலையிலும் காளான் தலை வைத்த பூட்டு ஒன்று இருக்கும். அந்தத் தலை பெட்டியின் அடியிலுள்ள துளைக்குள் நுழைந்த பிறகு கைப்பிடியைத் திருப்பினால், தலை குறுக்கே திரும்பிப் பெட்டியைக் கவ்விக்கொள்ளும். டிக்கக்கா ரயிலின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி வருவாள். ஒவ்வொரு பூட்டுக்கும் கைச்சுத்தியலால் ஒரு தட்டு. கவ்வியிருந்தால் 'டொக்' என்று ஒரே சத்தம். இல்லையென்றால் ஓட்டைப் பாத்திரம் மாதிரி கடகடக்கும். சரியாக இருந்தால் வேகனின் மூலையில் சாக்பீஸால் ஒரு டிக். நூற்று எண்பது பூட்டு, ஐம்பது நிமிடம். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லாமல் ரயில் நகராது.

ரயிலை நகர்த்தும் கையெழுத்துக்காரி ஒப்பந்தக் கூலி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காகிதத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமலும் விடுவார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அவள் ரயில்வேயில் நிரந்தர ஊழியராக இருந்திருக்க வேண்டியவள். அப்பா தண்டவாளம் பராமரித்தவர், வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு வேலை ஒன்று உண்டு என்றார்கள். மனுவோடு போன மூத்த மகளை மேலும் கீழும் பார்த்த குமாஸ்தா கேட்டது ஒரே கேள்வி: "கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப நீங்க வேற வீட்டு ஆளும்மா. தங்கச்சிய வரச் சொல்லுங்க." கல்யாணம் செய்துகொண்ட மகன் மகனாகவே இருக்கிறான். மகள் மட்டும் ஒரே நாளில் அப்பனுக்கு அந்நியமாகிவிடுகிறாள். இந்த அழகான சட்டத்தை எழுதியவருக்கும் ஒரு மகள் இருந்திருக்கலாம். வேலை தங்கைக்குப் போனது. யார்டிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி, அதே ரயில் பாதையில், அவள் கேட்கீப்பர். அக்கா அவளிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லாமல் இருந்ததுதான் இருவருக்கும் இடையில் சுவராக நின்றது. ஏழு வருஷமாக அவர்கள் பேச்சு, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா என்பதோடு முடிந்துவிடும்.

அன்று யார்டு வாசலில் புதுத் துணிப்பதாகை. தாமதமே இல்லாமல் தொடர்ந்து கிளம்பிய ரயில்களை எண்ணி ஒரு பலகையில் போடுவது மேனேஜரின் பழக்கம். முந்தின நாள் வரை நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. இருநூறாவதைப் பார்க்கத் துறைமுகக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். லாரியில் மூன்று நாள் போகிற சரக்கு ரயிலில் ஒரே நாளில் போகிறது, நாட்டின் வளர்ச்சி இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது என்று ஒருவர் மைக்கில் சொன்னார். அது பொய் இல்லை. சரக்கு ரயில் நல்ல விஷயம்தான். அதை ஓட வைக்கிறவர்களை மனிதர்களாக எண்ண மறந்துபோவதுதான் கெட்ட விஷயம்.

பத்து இருபதுக்கு டிக்கக்கா கையெழுத்துப் போட்டாள். பதினொன்று ஐந்துக்கு ரயில் கிளம்பியது. கைதட்டினார்கள். பலகையில் இருநூறு ஏறியது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கிரேன் ஆபரேட்டர் இறங்கி வந்தார். நாளெல்லாம் ஐந்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறவர் என்பதால் அவருக்கு மேல்மாடி என்று பெயர்.

"என்ன மேல்மாடி, பூமிக்கு வந்துட்ட? உன் பொண்டாட்டி ஏணி வெச்சு ஏறிட்டாளா?"

"நீ வேறக்கா. காத்து அலாரம் அடிச்சு கிரேன் தானா நின்னுடுச்சு. மேல தொட்டில் மாதிரி ஆடுது. சின்னப் புள்ளையா இருந்தா தூங்கியிருப்பேன்." டீயை ஊதிக் குடித்தார். "காலையிலேர்ந்தே தலைவலி. இதுல கடைசி நேரத்துல மேனேஜர் வேற, இந்தப் பெட்டிய எடு, அந்தப் பெட்டிய வைன்னு உயிர எடுத்துட்டாரு."

அவள் கையிலிருந்த கிளாஸ் வாய்க்குப் போகாமல் நின்றது. "எந்தப் பெட்டி?"

"காலிப் பெட்டிதான். லிஸ்ட்ல இருக்கற நம்பர் வேற, வண்டியில இருக்கற நம்பர் வேறயாம். பத்து அம்பத்தஞ்சுக்குக் கூப்பிட்டாரு. நாலு நிமிஷத்துல மாத்திட்டேன்ல?"

"எந்த வேகன்?"

"முப்பத்தொண்ணு."

"பூட்டு யாரு போட்டா?"

"நீதான் வந்து..." மேல்மாடி அவள் முகத்தைப் பார்த்தார். "உன்ன கூப்பிடலையா?"

யாரும் கூப்பிடவில்லை. பழைய பெட்டியைத் தூக்குவதற்காகக் கீழே நின்ற கூலியாள் நாலு கைப்பிடியையும் திறந்துவிட்டிருக்கிறார். திறப்பது மட்டும்தான் அவர் வேலை. பூட்டும் வேலைக்கு வேறு ஆள் உண்டு, சரிபார்க்க டிக்கக்கா உண்டு. இருவரையும் அழைத்தால் பதினொன்று ஐந்து தாண்டிவிடும். புதுப் பெட்டி வந்து உட்கார்ந்தது. ஆனால் டிக் போடுவது பெட்டியில் அல்ல, வேகனில். பெட்டி மாறினாலும் நாலு டிக்கும் வேகனின் நாலு மூலையில் வெள்ளையாக அப்படியே இருந்தன. கிளம்பும் முன் ரயில் நெடுக நடந்து பார்த்த கார்டும் அந்த நாலு டிக்கையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

வெளியாட்கள், காலிப் பெட்டிதானே, விழுந்தால் என்ன என்று கேட்பார்கள். சரக்கு நிரம்பிய பெட்டி பூட்டில்லாவிட்டாலும் தன் பாரத்தால் உட்கார்ந்திருக்கும். காலிப் பெட்டி நாற்பது அடி நீளத்துக்குக் காற்றை வாங்கும் இரும்புப் பாய். எழுபத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஆற்றுப்பாலம் இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் மறைப்பே இல்லாத வெட்டவெளி. கிரேனையே நிறுத்திய காற்று அங்கே எப்படி அடிக்கும்?

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டேகாலுக்கு ரயில் தங்கையின் கேட்டைத் தாண்டும். பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பாலம்.

சும்மா இருந்திருக்கலாம். பெட்டி விழாமலும் போயிருக்கலாம். விழுந்தாலும், கூப்பிடாமல் மாற்றியது மேனேஜர். ஆனால் டிக் அவளுடையது, தாளில் கையெழுத்தும் அவளுடையது. இதையெல்லாம் அவள் யோசித்தாளா என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். "யோசிக்க நேரம் இல்ல சார், பூட்ஸ் பெருசு, ஓடறதே கஷ்டம்" என்று சொன்னாள்.

மேனேஜர் விருந்தினர்களோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அவள் நேராகப் போய்ச் சொன்னாள். அவர் சிரித்த முகம் மாறாமல் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மெதுவாப் பேசும்மா. யாரு சொன்னா பூட்டலைன்னு?"

"பூட்டினேன்னு யாராவது சொல்றாங்களா சார்?"

"நாலு டிக் இருக்கு."

"அது முன்ன இருந்த பெட்டிக்குப் போட்டது சார். கன்ட்ரோலுக்கு ஒரு போன் போடுங்க, கேட்டுக்கு முன்னாடி நிறுத்தலாம்."

"இருநூறாவது வண்டிய நான் வழியில நிறுத்தச் சொல்லணும், இவங்க முன்னாடி?" அவர் குரல் தாழ்ந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதில் அதிகம். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் மேலே ஒருவர். "ஏதாவது ஆகறதா இருந்தா இந்நேரம் ஆயிருக்கும். நல்லதே நடக்கும்னு நம்பு. நீ போ, நான் பார்த்துக்கறேன்."

நல்லதே நடக்கும் என்று நம்பச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பாலத்துக்கு மேலும் கீழும் இல்லாதவர்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ரயில்களை நிறுத்தவும் ஓடவிடவும் செய்கிற கன்ட்ரோல் அறைக்கு நேரடியாகப் போகும் போன் அந்த அறைக்குள் இருந்தது.

காவலாளியின் அறைச் சுவரில் எண்கள் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துத் தன் செல்போனிலிருந்து அவளே கூப்பிட்டாள். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"உங்க ஊழியர் எண் சொல்லுங்க."

"நான் ஒப்பந்தம் சார். எண் கிடையாது. முப்பத்தொண்ணாவது வேகன்..."

"எண் இல்லாம நான் எதுல பதிவு பண்றது? உங்க மேனேஜர் மூலமா வாங்கம்மா."

"மேனேஜர் கதவ சாத்திட்டாரு சார்!"

"அப்ப அவருக்கு மேல உள்ளவர்கிட்ட சொல்லுங்க." போன் நின்றது.

நூற்று எண்பது பூட்டுக்கு அவள் பொறுப்பாம். ஆனால் அதில் நாலு திறந்திருக்கிறது என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லையாம். மேல்மாடி காவலாளி அறை வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

"இன்னும் யாருக்கா இருக்காங்க?" என்றார்.

அவள் தங்கையைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். ஓய்ந்தது. பணி நேரத்தில் சொந்தப் போனைத் தொடக்கூடாது என்பது கேட்டில் விதி. தங்கை விதி மீறாதவள். அக்காவின் வேலையை வாங்கிக்கொண்டவள் என்ற பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வேலை பார்க்கிறவள். ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"அம்மாவுக்கு என்னாச்சு?"

"அம்மா நல்லா இருக்கா. வேலையா கூப்பிடறேன். கேட்டை சாத்திட்டியா?"

"என்னது?"

"துறைமுக வண்டி வருதுல்ல, கேட்டை சாத்திட்டியாடி?"

"இன்னும் ரெண்டு நிமிஷத்துல சாத்தணும். ஏன், நீ இப்ப எனக்கும் இன்ஸ்பெக்டரா?"

"சாத்தாத."

கேட்டைச் சாத்திப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் பச்சையாகும். சாத்தாவிட்டால் சிக்னல் சிவப்பிலேயே இருக்கும், ரயில் நின்றாக வேண்டும். ஒரு கேட்கீப்பர் தன் கண்ணால் ஆபத்தைப் பார்த்தால் நிறுத்தலாம், அது விதியில் இருக்கிறது. எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அக்கா போனில் சொன்னால் நிறுத்தலாம் என்று எந்த விதியிலும் இல்லை. டிக்கக்கா மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். பெட்டி, வேகன், டிக், காற்று, பாலம்.

"கன்ட்ரோல்ல சொன்னியா?"

"சொன்னேன். ஊழியர் எண் கேட்டாங்க. எண் இல்லைன்னா நான் ஆளே இல்லையாம்."

"நீ பார்த்தியா, பூட்டு திறந்திருக்கறத?"

"பார்க்கல. மேல்மாடி சொன்னதுதான்."

"அக்கா, வண்டியில ஒண்ணும் இல்லைன்னா என் வேலை போயிடும். தெரியும்ல? அப்பா வேலை."

"தெரியும்."

நிறுத்து என்று அதட்டவும் முடியவில்லை, விட்டுவிடு என்று சொல்லவும் முடியவில்லை. மேல்மாடி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதிர்ல பாசஞ்சர் வருது, தெரியுமா உனக்கு?" என்றாள் தங்கை. அவள் தன்னிடமேதான் பேசிக்கொண்டிருந்தாள். "ரெண்டும் பாலத்து மேலதான் ஒண்ணையொண்ணு தாண்டும். எப்பவும் அப்படித்தான். உள்ள அவ்ளோ ஜனம் நிக்கும்... இரு, போனை வெக்காத."

போனை எங்கோ வைக்கிற சத்தம். பிறகு தூரத்தில் யாரோ ஒரு லாரிக்காரன் திட்டினான். கேட்டைச் சாத்தப்போகிறாயா இல்லையா, ஒன்று சாத்து, இல்லை விடு, நடுவில் நின்று கொடியாட்டினால் நான் எங்கே போவது என்று கேட்டான். தங்கை அவனுக்கு அம்மாவிடம் கற்ற வார்த்தை ஒன்றைப் பதிலாகக் கொடுத்தாள். டிக்கக்காவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

ரயிலின் ஊதல் கேட்டது. ஒரு தடவை, நீளமாக. மறுபடியும் நீளமாக. சிவப்பைப் பார்த்து டிரைவர் கேட்கிறார்: ஏன், ஏன், ஏன். நாற்பத்தைந்து வேகன் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. பிரேக் இரும்பை அரைக்கும் ஓசை எழுபது கிலோமீட்டர் தாண்டி ஒரு சின்ன செல்போன் வழியாக வந்து காவலாளியின் அறையை நிறைத்தது. காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

ஓசை அடங்கியது.

"நின்னுடுச்சு," என்றாள் தங்கை. "டிரைவர் இறங்கி வராரு. கொலைவெறில வராரு."

"உதவி டிரைவர முப்பத்தொண்ணுக்கு அனுப்பச் சொல்லு. எஞ்சின்லேர்ந்து எண்ணச் சொல்லு."

டிரைவரின் குரல் கேட்டது. யார் சொல்லி நிறுத்தினாய், எந்த அதிகாரத்தில், மேலே நான் என்ன பதில் சொல்வேன். தங்கை ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: "முப்பத்தொண்ணப் பார்த்துட்டு வந்து திட்டுங்க சார்." அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். சரளைக் கல்லில் ஒருவர் ஓடும் சத்தம் குறைந்து மறைந்தது. அவர் போய்த் திரும்ப இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது; டிக்கக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நடுவில் தங்கை கேட்டைச் சாத்தினாள்; பக்கத்துத் தண்டவாளத்தில் பாசஞ்சர் தடதடவென்று தாண்டிப் போனது. அது பாலத்தைத் தாண்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓடிப் போனவர் கத்திக்கொண்டே திரும்பி வந்தார். நாலு பூட்டும் திறந்திருக்கிறது. பின்பக்கம் இரண்டு மூலையும் காளான் தலையை விட்டு எழும்பி, பெட்டி ஒரு சாண் வெளியே நகர்ந்திருக்கிறது. பாசஞ்சர் போகும் பக்கமாக.

டிரைவர் அங்கேயே தண்டவாளத்தில் உட்கார்ந்தார். "கடவுள்தாம்மா காப்பாத்தினாரு," என்றார்.

"கடவுளுக்கு எண் கேட்டிருப்பாங்க சார், கன்ட்ரோல்ல," என்றாள் தங்கை. "எங்க அக்கா."

விசாரணை மூன்று வாரம் நடந்தது. முதல் கேள்வி, எதிர்பார்த்தபடியே, டிக் யாருடையது. பெட்டியை மாற்றச் சொன்னது யார் என்ற கேள்வி பத்தாவதாக வந்தது. அதுவும் மேல்மாடி, கிரேனின் கம்ப்யூட்டரில் பத்து ஐம்பத்தொன்பதுக்கு முப்பத்தோராம் வேகனில் பெட்டி இறங்கியது பதிவாகியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று மேசையைத் தட்டிச் சொன்ன பிறகு வந்தது. அவருக்கும் ஒப்பந்தம்தான், இரண்டு பெண் பிள்ளைகள்.

தங்கையை விசாரித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நீங்க எதையும் பார்க்கல. உங்க அக்கா தப்பாச் சொல்லியிருந்தா?"

"வண்டி அரை மணி நேரம் சும்மா நின்னுருக்கும் சார்."

"உங்க வேலை?"

"அது போயிருக்கும்," என்றாள். "அது நீங்க போட்ட கணக்கு சார், நான் போட்டதில்ல."

அவர் எதையோ எழுதினார். தங்கைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது: பணி நேரத்தில் சொந்தப் போன். மேனேஜர் இதைவிடப் பெரிய யார்டுக்கு மாற்றலாகிப் போனார். டிக்கக்காவின் காகிதம் அந்த முறை புதுப்பிக்கப்படவில்லை.

அவள் இடத்துக்கு வந்த ஆள் நூற்று எண்பது பூட்டுக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவசரப்படுத்தினார்கள். முன்பு இருந்த அக்கா கதை தெரியும், தட்டாமல் டிக் போட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். நாற்பதாவது நாள் புது மேனேஜர் டிக்கக்காவின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்தாள், ஆனால் வேலைக்கு அல்ல. கிரேன் ஒரு தடவை பெட்டியைத் தொட்டால் அந்த வேகனின் டிக் அழிக்கப்பட வேண்டும், திரும்பச் சரிபார்க்காமல் ரயில் கிளம்பக் கூடாது. இதை எழுத்தில் கொடுங்கள் என்றாள்.

"அதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா, எழுத்துல எதுக்கு?"

"போன தடவையும் எல்லாருக்கும் தெரியும் சார்."

இரண்டு நாள் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் மாலை பணி முடித்துத் தங்கை பஸ் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அப்பாவைப் பற்றி, குமாஸ்தாவைப் பற்றி, இத்தனை வருஷம் பேசாததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தங்கையின் மாமியார் குறட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் காலை மேல்மாடி கிரேன் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டார். ஏறவில்லை. ஏனென்று கேட்டதற்குத் தலைவலி என்றார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு கிரேன்காரர்களுக்கும் தலைவலி வந்தது.

பதினொன்றரைக்கு ஒரு தாள் வந்தது. கீழே முத்திரை, கையெழுத்து. இந்த விதி எதனால் வந்தது, யாரால் வந்தது என்று அதில் ஒரு எழுத்தும் கிடையாது. டிக்கக்கா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு நாலாக மடித்தாள். "சாக்பீஸ் எங்க?" என்று கேட்டாள்.

இப்போது, கடைசி நேரத்தில் பெட்டி மாறுகிற நாட்களில், ரயில் நாலு நிமிடம் தாமதமாகக் கிளம்புகிறது. அதனால் நாட்டின் வளர்ச்சி எங்கும் நின்றுபோனதாகத் தெரியவில்லை.